எதைல் அசற்றேற்றுக் கோபுரம்: மூன்று விடைகளில் எதை நம்புவது?

தங்கச்சி, நீங்கள் எழுதியதை முதலில் என் சொல்லில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். மொறட்டுவையில் இரசாயனப் பொறியியல் இறுதியாண்டு. விடுமுறைக்கு யாழ்ப்பாணம் கோண்டாவிலுக்கு வந்திருந்து திட்ட வேலையைச் செய்கிறீர்கள். திக்கம் வடிசாலை மாதிரி ஓர் இடத்தில் பனங்கள்ளிலிருந்து கிடைக்கும் எதனோலையும் அசற்றிக் அமிலத்தையும் ஒரே கோபுரத்துக்குள் தாக்கமுறவும் பிரியவும் விட்டு, எதைல் அசற்றேற்று என்ற எசுத்தரை (அமிலமும் மதுசாரமும் சேர, தண்ணீரோடு உண்டாகும் சேர்வை) எடுக்கலாமா என்று பைதனில் ஒரு மொடல் எழுதியிருக்கிறீர்கள். ரிஃப்ளக்ஸ் விகிதத்தை, அதாவது உச்சியில் ஒடுக்கிய திரவத்தில் வெளியே எடுப்பதைப் போல எத்தனை மடங்கைக் கோபுரத்துக்குத் திருப்பி அனுப்புகிறோம் என்பதை, கூட்டினால் கன்வர்ஷன் (தாக்கமுற்று மாறும் பங்கு) குறைகிறது. தொடக்க ஊகத்தை மாற்றினால் அதே தரவுக்கு வேறொரு விடை வருகிறது. செலவு குறைந்த வடிவமைப்பைத் தேடும் ஒப்டிமைசர் ஒருமுறை 31 தட்டு (கோபுரத்துக்குள் ஆவியும் திரவமும் சந்திக்கும் அடுக்கு) என்கிறது, இன்னொருமுறை 24 என்கிறது. "என் கோட் பிழையா?" என்று முடித்திருக்கிறீர்கள். கோட் பிழையா இல்லையா என்பதை விட, இந்த எண்களில் எதை அறிக்கையில் துணிந்து எழுதலாம் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது என்று நினைக்கிறேன். அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் பேராதனையில் படித்து, வெளிநாட்டில் கனகாலம் காய்ச்சி வடித்தல் கோபுரங்களுக்கு சிமுலேஷன் செய்து, இப்போது ஊரோடு வந்திருக்கிறவன். எசுத்தர்க் கோபுரங்கள் ஓரளவு பழக்கம். உங்கள் ஃபைலைப் பார்க்காமல் எழுதுவதால், சில இடங்களில் "பெரும்பாலும்" என்றுதான் சொல்ல முடியும். அந்தச் சொல் வரும் இடங்களைக் கவனித்து வாசியுங்கள்.

அடிப்படையிலிருந்து வருவோம். எதனோலும் அசற்றிக் அமிலமும் சம மூலில் சேர்ந்தால் மூன்றில் இரண்டு பங்கோடு தாக்கம் நின்றுவிடும் என்பதை பெர்த்தலோ 1862 அளவிலேயே அளந்து காட்டிவிட்டார். சமநிலை மாறிலி ஏறக்குறைய 4. ஒரு பக்கத்தை அள்ளிக் கொட்டி இதைத் தாண்டலாம்: ஒரு மூல் அமிலத்துக்குப் பத்து மூல் எதனோல் போட்டால் அமிலத்தின் கன்வர்ஷன் 97 சதவீதம் வரும். ஆனால் மிச்சம் ஒன்பது மூல் எதனோலையும் பிறகு பிரித்தெடுக்க வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்துதான், விளைவு உண்டாக உண்டாக அதை வெளியே இழுத்துவிடும் யோசனை வந்தது. இலச்சட்டெலியேயின் தத்துவம் உயர்தரத்திலேயே படித்ததுதான், அதை இரும்பில் கட்டினால் இந்தக் கோபுரம்.

எல்லோரும் காட்டும் உதாரணம் ஈஸ்ட்மன் நிறுவனம் 1980களில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிங்ஸ்போர்ட்டில் ஓடவிட்ட மெதைல் அசற்றேற்றுக் கோபுரம். ஒரு ரியாக்டரும் வரிசையாகப் பல வடிப்புக் கோபுரங்களும் செய்த வேலையை அது ஒன்றே செய்தது. நீங்களும் அறிமுகத்தில் அதைத்தான் எழுதியிருப்பீர்கள். ஆனால் மெதைலில் நடந்தது எதைலிலும் நடக்கும் என்று எடுத்துக்கொண்டால் அங்கேயே சறுக்கும். மெதைல் அசற்றேற்று 57 பாகையில் கொதிக்கும், மெதனோல் 65இல், தண்ணீர் 100இல், அமிலம் 118இல். வேண்டிய விளைவு எல்லாவற்றிலும் இலேசானது. மேலே ஊட்டும் அமிலம் கீழே வழிந்து வரும்போது, மெதைல் அசற்றேற்று தண்ணீரோடும் மெதனோலோடும் போட்டுக்கொள்ளும் அசியோட்ரோப்களையும் (கொதிக்கவைத்தாலும் பிரியாத கலவைகளையும்) உடைத்துவிடுகிறது. அதனால் எசுத்தர் மேலாலும் தண்ணீர் கீழாலும் போய்விடும். எதைல் அசற்றேற்று 77.1இல் கொதிக்கும், எதனோல் 78.3இல். ஒரு பாகைக்கு மேல் கொஞ்சம்தான் இடைவெளி. போதாததற்கு எசுத்தரும் எதனோலும் தண்ணீரும் மூன்றும் சேர்ந்து 70.2 பாகையில் ஓர் அசியோட்ரோப் போடும். கோபுரத்தின் உச்சிக்கு வருவது ஏறத்தாழ அந்த மூன்றின் கலவைதான், தூய எசுத்தர் வராது. அதை ஒடுக்கிக் குளிரவிட்டால் எண்ணெய்ப் படை, தண்ணீர்ப் படை என்று இரண்டாகப் பிரியும். தண்ணீர்ப் படையை வெளியே விட்டு, எண்ணெய்ப் படையில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பி, மற்றதை இன்னொரு சிறிய கோபுரத்தில் சுத்தம் செய்ய வேண்டும். உங்கள் மொடலில் இப்படிப் படை பிரிக்கும் கலனான டிகான்டர் இல்லையென்றால், அதைச் சேர்க்கும்வரை ஒப்டிமைசர் பக்கம் போகவே வேண்டாம்.

இனி உங்கள் முதல் கேள்வி, ரிஃப்ளக்ஸ். சாதாரண வடிப்பில் ரிஃப்ளக்ஸைக் கூட்டினால் பிரிப்பு நன்றாகும், செலவு ஏறும், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில்தான் உங்களுக்கு இது பிழை மாதிரித் தெரிகிறது. தாக்கம் சேர்ந்துவிட்டால் கன்வர்ஷன் ஓர் உச்சத்துக்குப் போய்விட்டுத் திரும்பி இறங்கும். மெதைல் அசற்றேற்றில் இது சோதித்துப் பார்த்த விஷயம், உச்சம் ரிஃப்ளக்ஸ் விகிதம் 1.5க்கும் 2க்கும் இடையில் எங்கேயோ வரும். திருப்பி அனுப்பும் எசுத்தர் தாக்க வலயத்துக்குள் இறங்கி அமிலத்தை ஐதாக்கிவிடுகிறது என்பது காரணம்.

உங்கள் கோபுரத்தில் அதற்கு எதிர்ப் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கையால் கணக்கிட்டுப் பாருங்கள். அந்த மூன்று கூறு அசியோட்ரோப்பில் நிறைப்படி எசுத்தர் 82.6, எதனோல் 8.4, தண்ணீர் 9.0 சதவீதம். மூலுக்கு மாற்றினால் ஒரு மூல் எசுத்தரோடு 0.53 மூல் தண்ணீர்தான் மேலே ஏறுகிறது. தாக்கமோ ஒரு மூல் எசுத்தருக்கு ஒரு மூல் தண்ணீரை உண்டாக்குகிறது. மிச்சத் தண்ணீரை யார் தூக்குவது? திரும்பி வரும் எசுத்தர்தான் மறுபடி ஆவியாகித் தூக்க வேண்டும். அதாவது தண்ணீர் முழுவதும் மேலால் போக வேண்டுமென்றால், உண்டாகும் ஒவ்வொரு மூல் எசுத்தருக்கும் குறைந்தது 1.9 மூல் எசுத்தர் ஆவி உச்சிக்கு வர வேண்டும். எண்ணெய்ப் படையிலும் கொஞ்சம் தண்ணீர் கரைந்து திரும்பி வரும் என்பதால் உண்மைத் தேவை இதைவிடக் கூட. ரிஃப்ளக்ஸ் குறைந்தால் தண்ணீர் அடியில் தேங்கித் தாக்கத்தைப் பின்னுக்குத் தள்ளும், கூடினால் எசுத்தர் இறங்கி வந்து தள்ளும். நடுவில் ஓர் உச்சம் வராவிட்டால்தான் நான் உங்கள் கோட்டைச் சந்தேகிப்பேன்.

ஆனாலும் உங்கள் மொடலில் இறங்குவது இதனால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ரிஃப்ளக்ஸைக் கூட்டும்போது நீங்கள் எதை மாறாமல் வைத்தீர்கள் என்று எழுதவில்லை. ரீபொயிலர் (அடியில் கொதிக்கவைக்கும் கலன்) வெப்பத்தை மாறாமல் வைத்திருந்தால், ரிஃப்ளக்ஸ் ஏற ஏற மேலால் வெளியே எடுக்கும் அளவு குறையும். அப்போது கன்வர்ஷன் விழுவது வெறும் பொருட்சமநிலைக் கணக்கு. இதைப் பிரித்தறிய ஒரு வரைபு போதும்: ஒவ்வொரு தட்டிலும் நிகரத் தாக்க வீதத்தைக் கீழிருந்து மேலாக வரையுங்கள். அதில் மறைப் பெறுமானம் வரும் தட்டுகளில் நீங்கள் செலவழித்துச் செய்த எசுத்தர் திரும்பவும் அமிலமாகிக்கொண்டிருக்கிறது. ரிஃப்ளக்ஸ் ஏற ஏற அந்த மறைப் பகுதி விரிந்தால் காரணம் நான் சொன்னதே. தாக்கத் தட்டுகளைக் கூட்டினால் எப்போதும் நல்லது என்று நினைப்பவர்களுக்கும் இந்த வரைபைத்தான் நான் காட்டுவேன்.

இந்த இடத்தில் உங்கள் ஃபீட் (கோபுரத்துக்குள் ஊட்டும் பொருள்) பற்றி ஒரு வார்த்தை. பனஞ்சாராயத்தின் தரத்தில், நிறைப்படி பாதித் தண்ணீர் உள்ள எதனோலை நேரே ஊட்டலாமா என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். கோபுரம் இல்லாமல் வெறும் சமநிலையில், தண்ணீரற்ற எதனோலுக்கு 66.7 சதவீதம் வரும் கன்வர்ஷன், 95.6 சதவீத எதனோலுக்கு ஏறக்குறைய 65, பாதிக்குப் பாதிக்கு 43. ஆக 95.6 வரை பெரிய இழப்பில்லை, அதற்குப் பிறகுதான் அடி. தண்ணீரைத் தூக்கும் கணக்கில் பார்த்தால் இன்னும் மோசம். 95.6 சதவீத ஃபீட்டுக்கு ஒரு மூல் எசுத்தருக்கு 2.1 மூல் ஆவி போதும், பாதிக்குப் பாதிக்கு 6.7 மூல் வேண்டும். மூன்று மடங்குக்கு மேல் நீராவிச் செலவு. முதலில் சாதாரண வடிப்பில் எதனோலை 95க்குக் கொண்டுவந்துவிட்டு இந்தக் கோபுரத்துக்கு அனுப்புங்கள். ஃபீட்டை நிலையாக வைத்துவிட்டு ஒப்டிமைசரை ஆயிரம் முறை ஓட்டினாலும் அது இதைச் சொல்லித் தராது. இன்னொன்று, கள்ளிலிருந்து வரும் எதனோலில் ஐசோஅமைல் மதுசாரம் போன்ற பாரமான மதுசாரங்களும் கொஞ்சம் இருக்கும். அவையும் எசுத்தராகும், அந்த எசுத்தர்கள் உயரக் கொதிப்பவை என்பதால் அடியில் சேரும். உங்கள் நான்கு கூறு மொடலுக்கு அவை இருப்பதே தெரியாது. அறிக்கையில் ஒரு வசனமாவது எழுதிவிடுங்கள்.

சரி, மொடலின் உள்ளே வருவோம். தட்டு ஒன்றுக்குப் பொருட்சமநிலை, ஆவி-திரவச் சமநிலை, மூல் பின்னங்களின் கூட்டல், வெப்பச் சமநிலை என்று நான்கு கூறுகளுக்குப் பதினொரு சமன்பாடு, 30 தட்டுக்கு 330. நியூட்டன் முறைக்கு இது ஒரு வேலையே இல்லை. சமன்பாட்டு எண்ணிக்கையை வைத்துப் பயப்பட வேண்டாம், அவற்றுக்குள் நீங்கள் ஊற்றும் எண்களில்தான் பயம் இருக்கிறது.

சமநிலை மாறிலியை எங்கிருந்து எடுத்தீர்கள்? சிமுலேட்டரின் தரவுத்தளத்தில் உள்ள, சமநிலையைத் தீர்மானிக்கும் கிப்ஸ் சக்திகளிலிருந்து தானாக வரட்டும் என்று விட்டிருந்தால், உடனே நிறுத்துங்கள். திரவ அசற்றிக் அமிலத்தின் தோன்றல் கிப்ஸ் சக்தி மூலுக்கு ஏறக்குறைய மறை 390 கிலோஜூல். நான்கு சேர்வைகளின் இப்படிப்பட்ட பெரிய எண்களைக் கூட்டிக் கழித்து மிஞ்சும் தாக்கத்தின் கிப்ஸ் மாற்றம் 350 கெல்வினில் வெறும் மறை 4 கிலோஜூல் அளவு. அமிலத்தின் எண்ணில் ஒரே ஒரு சதவீதம் பிழை இருந்தால் அது 3.9 கிலோஜூல். மாறிலி 4 என்பது ஒரு பக்கம் 15 ஆகிவிடும், மறுபக்கம் 1 ஆகிவிடும். இப்படியொரு கோபுரத்துக்கு 24 தட்டா 31 தட்டா என்று விவாதிப்பதில் அர்த்தமே இல்லை. பரிசோதனையில் அளந்த மாறிலியை எடுத்து நேரே போடுங்கள். அதை எழுதியவர்கள் செறிவில் எழுதினார்களா, அக்டிவிட்டியில் (கலவையின் இலட்சியமற்ற தன்மைக்குத் திருத்திய செறிவில்) எழுதினார்களா என்று பார்த்துப் போடுங்கள். அக்டிவிட்டியில் எழுதியிருந்தால், அவர்கள் பயன்படுத்திய அதே அக்டிவிட்டி மொடலையும் அதே பராமானங்களையும் நீங்களும் பயன்படுத்த வேண்டும். ஒருவரின் தாக்க வீதத்தையும் இன்னொருவரின் என்ஆர்டிஎல் (அப்படியோர் அக்டிவிட்டி மொடல்) பராமானங்களையும் கலந்தால் இரண்டுமே தனித்தனியே சரியாக இருந்தும் விடை பிழைக்கும்.

அசற்றிக் அமிலத்தின் ஆவியை இலட்சிய வாயுவாக எடுத்தீர்களா என்பது அடுத்த சந்தேகம். ஒரு வளிமண்டல அமுக்கத்திலேகூட அதன் மூலக்கூறுகள் ஆவியில் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்து நிற்கும். கொதிநிலையில் ஒரு மூலை ஆவியாக்கத் தண்ணீருக்கு 40.7 கிலோஜூல் வேண்டும், எதனோலுக்கு 38.6, அதைவிட உயரக் கொதிக்கும் அசற்றிக் அமிலத்துக்கு வெறும் 23.7. சோடி சேர்வதால்தான் இந்தக் குறைவு. இதை விட்டுவிட்டால் அடித்தட்டுகளின் வெப்பநிலையும் ஆவி ஓட்டமும் சேர்ந்தே பிழைக்கும். தட்டுக்குத் தட்டு மூல் ஓட்டம் மாறாது என்ற பாடப்புத்தக எடுகோளும் இங்கே செல்லாது. ஹேடன்-ஓகொனெல் முறை இதற்காகவே உள்ளது, பெரும்பாலான சிமுலேட்டர்களில் இருக்கிறது. சொந்தக் கோட் என்றால் இருமமாகும் சமநிலையை மட்டுமாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்ஆர்டிஎல் பராமானங்களைப் பற்றி எனக்கு ஒரு நிரந்தரச் சந்தேகம் உண்டு. நான்கு கூறுகளுக்கு ஆறு சோடிகள். அவற்றில் எதனோல்-அமிலம் சோடி அளக்கும்போதே தாக்கமடைந்துவிடும், அதனால் அந்தத் தரவு எப்போதும் கொஞ்சம் கலங்கல்தான். ஆவி-திரவத் தரவுக்குப் பொருத்திய பராமானங்கள் டிகான்டரின் இரண்டு திரவப் படைகளையும் சரியாகச் சொல்லும் என்று நம்பவும் முடியாது. டிகான்டருக்குத் திரவ-திரவத் தரவில் பொருத்திய தனிப் பராமானங்களைப் போடுவது நடைமுறையில் பலரும் செய்வது. கொள்கையளவில் அழகில்லை, ஆனால் நான் அப்படித்தான் செய்வேன்.

ஊக்கியைச் சல்பூரிக் அமிலம் என்று எடுத்தால் ஒரு விஷயம் தானாகத் தீர்ந்துவிடும். அது ஆவியாகாது. ஊட்டிய தட்டுக்குக் கீழே உள்ள எல்லாத் தட்டும் ரீபொயிலரும் தாக்க இடங்களே, தாக்க வலயத்தை எங்கே முடிப்பது என்ற கேள்விக்கே இடமில்லை. அரிப்புக்கு விலை கூடிய உலோகம் போட வேண்டிவரும். அம்பர்லிஸ்ட் 15 போன்ற பிசினை எடுத்தால் அரிப்புக் கவலை குறையும், ஆனால் அது 120 பாகைக்கு மேல் தாங்காது. அசற்றிக் அமிலம் 118இல் கொதிக்கிறது. அமுக்கத்தை இரண்டு வளிமண்டலத்துக்கு உயர்த்தினால் அமிலத்தின் கொதிநிலை 140ஐத் தாண்டிவிடும். ஆகவே அமுக்கத்தை ஒப்டிமைசரிடம் கொடுப்பதானால் இந்த எல்லையையும் கூடவே கொடுங்கள். கொடுக்காவிட்டால் பிசின் கருகும் வெப்பநிலையில் அருமையான கோபுரம் ஒன்றை அது வடிவமைத்துத் தரும்.

தட்டில் தங்கும் திரவத்தின் கனவளவையும் பார்க்க வேண்டும். சாதாரண சமநிலைத் தட்டு மொடலில் அது சமன்பாட்டிலேயே வராது. இங்கே தாக்க வீதத்தை அந்தக் கனவளவாலேயே பெருக்குகிறோம். உங்கள் கோட்டில் தட்டுக்கு ஒரு மாறாக் கனவளவு போட்டிருந்தால், தட்டைக் கூட்டும்போது பிரிப்பும் கூடுகிறது, தாக்க நேரமும் கூடுகிறது. எது எதைச் செய்தது என்று பிறகு பிரிக்க முடியாது. மொத்தக் கனவளவை நிலையாக வைத்துத் தட்டை மட்டும் மாற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தங்கும் நேரத்துக்கும் தாக்கம் நடக்க வேண்டிய நேரத்துக்கும் உள்ள விகிதம்தான் டாம்கோலர் எண். அது 0.1க்குக் கீழே என்றால் உங்களிடம் இருப்பது வெறும் வடிப்புக் கோபுரம், 10க்கு மேலே என்றால் ஒவ்வொரு தட்டிலும் சமநிலை. இரண்டுக்கும் நடுவில்தான் தாக்க வீதத் தரவின் ஒவ்வொரு பிழையும் விடையில் தெரியும். எசுத்தர்கள் பெரும்பாலும் அந்த நடுப்பகுதியில்தான் விழும்.

மாக்ஸ்வெல்-ஸ்டெஃபான் சமன்பாடுகளோடு, ஆவிக்கும் திரவத்துக்கும் இடையே பொருள் கடக்கும் வேகத்தைக் கணக்கிடும் வீத அடிப்படை மொடலுக்கு மாறலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். டெய்லரும் கிருஷ்ணாவும் 2000இல் எழுதிய மீளாய்வை வாசித்திருப்பீர்கள், கொள்கைப்படி அதுதான் சரியான வழி. ஆனால் அதற்குப் பரவல் குணகங்களும், பக்கிங்கின் (கோபுரத்துக்குள் நிரப்பும் பொருளின்) வடிவத்துக்கேற்ற இடமாற்றத் தொடர்புகளும் வேண்டும். உங்களிடம் பரிசோதனைக் கோபுரம் இல்லாத நிலையில் அவை இன்னொரு அடுக்கு ஊகம். தாக்க வீதத்தோடு கூடிய சமநிலைத் தட்டு மொடலே இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தாராளம்.

இரண்டாவது கேள்வி, ஒரே தரவுக்கு இரண்டு விடை. இது உண்மையாகவே நடக்கும். 1993இல் ஜேக்கப்ஸும் கிருஷ்ணாவும் எம்ரிபிஈ (பெற்றோலில் சேர்க்கச் செய்யும் ஓர் ஈதர்) கோபுரத்தில் இதைக் காட்டினார்கள்: அதே ஃபீட், அதே ரிஃப்ளக்ஸ், அதே வெப்பம், ஆனால் அதன் மூலப்பொருளான ஐசோபியூட்டீனின் கன்வர்ஷன் உயரமான ஒரு நிலையிலும் மிகத் தாழ்ந்த இன்னொரு நிலையிலும் நிற்கலாம். உங்கள் எசுத்தர்க் கோபுரத்தில் வந்தது அப்படிப்பட்டதா என்பது சந்தேகம். பெரும்பாலும் இரண்டில் ஒன்று முழுதாகக் குவியாத (கணக்கு இன்னும் முடிவுக்கு வராத) விடையாக இருக்கும். முதலில் இரண்டு விடைகளுக்கும் கூறுவாரியாகப் பொருட்சமநிலையைக் கையால் சரிபாருங்கள். உள்ளே போன அசற்றைல் கூட்டம் வெளியே வந்ததோடு ஒத்துப்போகாவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. ஒத்துப்போனால் குவிவு எல்லையை ஆயிரம் மடங்கு இறுக்கி மறுபடி ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் இரண்டும் நின்றால், ரீபொயிலர் வெப்பத்தைச் சிறு சிறு படியாக ஏற்றிக்கொண்டு போங்கள், ஒவ்வொரு படியிலும் முந்திய விடையே அடுத்த தொடக்க ஊகம். பிறகு அதே பாதையில் இறங்கி வாருங்கள். ஏறிய வழியும் இறங்கிய வழியும் நடுவில் பிரிந்தால் உங்களிடம் உண்மையான இரட்டை நிலை இருக்கிறது. அது பிழையென்று ஒளிக்க வேண்டிய ஒன்றில்லை, தனி அத்தியாயமாக எழுத வேண்டியது. டிகான்டர் சேர்த்த கோபுரங்களில் இன்னொரு பொறி உண்டு: ஒரு தட்டில் திரவம் இரண்டு படையாகப் பிரிய வேண்டிய இடத்தில் கோட் ஒரே படையென்று எடுத்துக்கொண்டால், அது போலியான ஒரு விடையில் போய் உட்காரும். மேல்தட்டுகளில் அதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, 24க்கும் 31க்கும் இடையிலான சண்டை. 40 தட்டுக் கோபுரம் ஒன்றில் இரண்டு ஃபீட்டுக்கும் தட்டுத் தெரிவு 1600 வகை, தாக்க வலயம் தொடங்கும் தட்டும் முடியும் தட்டும் 820 வகை. பெருக்கினால் 13 இலட்சத்துக்கு மேல். தட்டு எண்ணிக்கையையும் ரிஃப்ளக்ஸையும் அமுக்கத்தையும் இதில் இன்னும் சேர்க்கவில்லை. முழு எண்களும் தொடர் மாறிகளும் கலந்த, பல பள்ளங்கள் உள்ள கணக்கு. சிரிக் (Ciric), கூ (Gu) என்ற இருவரும் எதிலீன் கிளைக்கோல் கோபுரத்துக்கு 1994இல் இதை முறையாக எழுதித் தீர்த்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த வழிமுறைகள் ஏராளம், ஆனால் எதைப் பிடித்தாலும் தொடக்கப் புள்ளியைப் பொறுத்து வேறு வேறு பள்ளத்தில் விழுவது சாதாரணம். நீங்கள் மரபணு வழிமுறை போன்ற ஒன்றைப் பயன்படுத்தியிருந்தால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சம் வேறு விடை வருவதில் வியப்பே இல்லை.

கேட்க வேண்டியது, அந்த இரண்டு விடைகளுக்கும் மொத்த வருடாந்தச் செலவு எவ்வளவு வித்தியாசம் என்பது. ஓரிரு சதவீதம் என்றால் சண்டையே இல்லை. இப்படிப்பட்ட செலவு வளைகோட்டின் அடி பெரும்பாலும் தட்டையாகவே இருக்கும். ஏழு தட்டு கூடினால் இரும்புக்குச் செலவு, ஏழு தட்டு குறைந்தால் நீராவிக்குச் செலவு, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். நீராவி விலையிலுள்ள ஊகமே அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். மாறாக இருபது சதவீத வித்தியாசம் என்றால், ஒன்று ஒப்டிமைசர் பாதியில் நின்றிருக்கிறது, அல்லது மொடலில் ஓட்டை இருக்கிறது. வயல் வரம்பில் எங்கே எலிவளை இருக்கிறதோ தண்ணீர் அதைத்தான் தேடிப் போகும், ஒப்டிமைசரும் அப்படித்தான். ஆவியாகும் வீதத்தை எங்காவது மொடல் தவறாகக் கூட்டிச் சொன்னால், மிகச் சிக்கனமான கோபுரம் என்று அது கொண்டுவருவது சரியாக அந்த மூலையாகவே இருக்கும். விடை ஏதாவது ஓர் எல்லையில் ஒட்டிக்கொண்டு நின்றால் முதலில் அந்த எல்லையைச் சந்தேகியுங்கள்.

என் வழி பழையது. உற்பத்தியையும் தூய்மையையும் நிலையாகக் கட்டிவிடுங்கள். அமுக்கத்தை ஒரு வளிமண்டலத்தில் வையுங்கள். தாக்கத் தட்டுகளுக்கு ஓர் எண்ணிக்கையை எடுத்து, அதற்கு மேலே உள்ள பிரிப்புத் தட்டுகளை மாற்றி, ஒவ்வொன்றிலும் ஃபீட் தட்டை நகர்த்திப் பாருங்கள். ஃபீட் தட்டை அலட்சியம் செய்யாதீர்கள். சாதாரண வடிப்பில் ஒன்றிரண்டு தட்டு தள்ளிப்போனால் பெரிதாக ஒன்றும் நடக்காது, இங்கே அது தாக்க வலயத்தின் செறிவையும் வெப்பநிலையையும் சேர்த்தே நகர்த்தும். பிறகு தாக்கத் தட்டுகளை மாற்றி மறுபடி. மடிக்கணினி ஓரிரவில் முடித்துவிடும். அதன் பிறகு அந்த இடத்திலிருந்து பியோமோவும் ஐபொப்டும் போன்ற இலவசக் கருவிகளை வைத்துத் தொடர் மாறிகளை மட்டும் நுணுக்கமாகச் சரிசெய்யலாம். வளைகோட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதும் விடைக்கு மேற்பார்வையாளர் முன்னால் நின்று பதில் சொல்லவும் முடியும்.

செலவுக் கணக்கில் உங்கள் இடத்தின் எண்களைப் போடுங்கள். பாடப்புத்தகங்களில் குளிர்ப்பு நீர் கிட்டத்தட்ட இலவசம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை, சுண்ணக்கல்லுக்குள் இருக்கும் நிலத்தடி நீர்தான் எல்லாவற்றுக்கும். உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவுதான் ஒடுக்கிக் குழாயிலும் படியும், வெப்பம் கடக்கும் வீதம் மாதத்துக்கு மாதம் இறங்கும். நீரின் வெப்பநிலையும் வருடம் முழுக்க 30ஐ ஒட்டியே இருக்கும். டிகான்டரை 40 பாகையில் வைத்தால் உங்களுக்குக் கிடைப்பது பத்துப் பாகை இடைவெளிதான், அதற்கேற்ப ஒடுக்கியின் பரப்பு ஏறும். நீரைச் சுழற்றிக் குளிரவைக்கும் கோபுரமும் மென்னீராக்கலும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆவி ஓட்டத்துக்கு விலை கூடி, உகந்த தட்டு எண்ணிக்கை மேலே நகரும் என்று எதிர்பார்க்கிறேன். 24ஐ விட 31 பக்கம் சாயலாம். எவ்வளவு சாயும் என்பதை உங்கள் எண்களே சொல்லட்டும்.

ஓட்டுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வைவாவில் கேட்பார்கள். எதனோலும் அமிலமும் சரியாக ஒன்றுக்கொன்று என்ற விகிதத்தில் போகும் என்று எடுத்திருக்கிறீர்கள். ஓட்டமானி ஒரு சதவீதம் பிழைக்கும். கூடிப்போன அந்த ஒரு சதவீத எதனோலுக்குத் தாக்கமுற ஆளில்லை, அது எங்கேயோ வெளியே வந்தாக வேண்டும், விளைவின் தூய்மையில்தான் பெரும்பாலும் வரும். ஆகவே இரண்டு ஃபீட்டையும் விகிதத்தில் பூட்டிவைத்தால் மட்டும் போதாது. கோபுரத்துக்குள் ஒரு தட்டின் வெப்பநிலையையோ செறிவையோ பார்த்து ஒரு ஃபீட்டைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நிலையான நிலைக்கு உகந்த கோபுரத்தில் அந்தத் தட்டைத் தேடினால் சில சமயம் எந்தத் தட்டுமே தெளிவாகக் காட்டாது. இரண்டு தட்டு கூடப் போட்டுக் கொஞ்சம் செலவு கூடிய வடிவமைப்பு அப்போது நல்லது.

சல்பூரிக் அமிலமா பிசினா, தாக்க வீதச் சமன்பாடு செறிவிலா அக்டிவிட்டியிலா, ரிஃப்ளக்ஸை மாற்றும்போது எது நிலையாக இருந்தது: இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். தட்டுவாரியான தாக்க வீத வரைபையும் போட்டால், மறைப் பெறுமானம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்கிறேன்.